மெட்பே: கார் விபத்துக்குப் பின் மருத்துவ பில்களை எந்த வரிசையில் கொடுப்பது

சென்ற ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவில் 880 நெடுஞ்சாலையின் நெரிசலில் நின்றிருந்த எங்கள் காரின் பின்புறத்தில் ஒரு வண்டி வந்து மோதியது. ஓட்டியவன் நான், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்த அம்மா பின்னிருக்கையில் இருந்தார். தவறு முழுவதும் எதிராளியுடையது என்பதால் அவருடைய காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் கட்டிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்த கார் பாலிசியிலேயே மெட்பே என்று ஒரு வரி இருந்ததும், அதில் ஆளுக்கு 5,000 டாலர் காத்திருந்ததும், ஏழு வாரம் கழித்து மூன்றாவது நினைவூட்டல் பில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை மருத்துவமனை அதைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் காப்பீட்டு நிறுவனமும் தானாக முன்வந்து சொல்லவில்லை.

மெட்பே என்பது மெடிக்கல் பேமென்ட்ஸ் என்பதன் சுருக்கம். விபத்தில் யார்மீது தவறு என்று பார்க்காமல், உங்களுக்கும் உங்களோடு காரில் இருந்தவர்களுக்கும் ஆன நியாயமான மருத்துவச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு வரை உங்கள் கார் பாலிசியே கொடுப்பது இதன் வேலை. இதற்கு டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்ட வேண்டிய தொகை) கிடையாது. வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளமோ, வலிக்கும் வேதனைக்கும் ஈடோ, காரைப் பழுதுபார்க்கும் செலவோ இதில் வராது. கீழே உள்ளவை கலிஃபோர்னியாவை வைத்து எழுதப்பட்டவை. மற்ற மாநிலங்களில் எங்கெங்கே மாறும் என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

1. பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள்

காப்பீட்டு நிறுவனத்தின் செயலியிலோ வலைத்தளத்திலோ டெக்லரேஷன் பக்கம் என்ற பெயரில் ஓர் ஆவணம் இருக்கும். அதில் லயபிலிட்டி, கொலிஷன், அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் என்ற வரிகளுக்கு நடுவே மெடிக்கல் பேமென்ட்ஸ் என்ற வரி இருக்கிறதா, அதற்கு எதிரே எவ்வளவு தொகை இருக்கிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இது கட்டாயமில்லை. 1,000 டாலரிலிருந்து பல அளவுகளில் விற்கிறார்கள். எங்கள் 5,000 டாலர் வரம்புக்கு ஆறு மாதத்துக்கு 18 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். கொலராடோவில் நீங்கள் எழுத்துபூர்வமாக வேண்டாம் என்று சொல்லாவிட்டால் 5,000 டாலர் மெட்பே பாலிசியிலேயே சேர்ந்திருக்கும். மெய்ன் மாநிலத்தில் 2,000 டாலர் கட்டாயம். ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி, நியூயார்க், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் இதற்குப் பதிலாக பிஐபி (தவறு யாருடையது என்று பார்க்காமல் கொடுக்கும் காயக் காப்பீடு) என்ற வேறு ஏற்பாடு முன்னால் நிற்கும். அதன் விதிகள் தனி. ஃப்ளோரிடாவில் விபத்து நடந்து 14 நாளுக்குள் முதல் சிகிச்சை எடுக்காவிட்டால் அந்தப் பணம் கிடைக்காது என்பதை மட்டும் அங்கிருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தொகையைப் பார்த்ததோடு நிறுத்தாமல், பாலிசியின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கி அதில் மெட்பே பகுதியை மட்டுமாவது படியுங்கள். எங்களுடையதில் அது நான்கு பக்கம்தான். யாருக்கெல்லாம் பொருந்தும், எத்தனை காலத்துக்குள் செய்த செலவு ஏற்கப்படும், எவை விலக்கு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் அங்கே இருக்கும். ஊபர் போன்ற வாடகை ஓட்டத்தில் இருந்தபோது நடந்த விபத்தும், அலுவலக வேலையாகப் போனபோது நடந்து தொழிலாளர் இழப்பீட்டின் கீழ் வரும் விபத்தும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு.

நண்பரின் காரில் போகும்போது அடிபட்டால் அந்தக் காரின் மெட்பே முதலில் வரும். அது தீர்ந்தபின் பொதுவாக உங்களுடையது உதவும். நடந்து போகும்போது கார் மோதினாலும் உங்கள் மெட்பே பொருந்தும். ஆனால் வருகையாளராக வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தக் கடைசிச் சலுகை கிடைக்காமல் போகலாம்: உங்கள் காருக்குள் இருக்கும்வரை அவர்கள் பயணிகள் என்ற முறையில் வரம்புக்குள் வருகிறார்கள், தெருவில் நடக்கும்போது, உங்கள் வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் உறவினர் என்றால் மட்டுமே பெரும்பாலான பாலிசிகள் ஏற்கும்.

2. விபத்து நடந்த இடத்தில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள்

எங்கள் விஷயத்தில் மிகப் பெரிய சிக்கலைக் கொண்டுவந்த சொல் இதுதான். முதலுதவிக்காரர் வந்து கேட்டபோது அம்மா, "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நானும் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் புகார் ஏதுமில்லை என்று குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எனக்கும் முதுகில் வலி. இருவரும் எமர்ஜென்சிக்குப் போனோம். பிறகு அட்ஜஸ்டர் (காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்மை, அதாவது பணக் கோரிக்கையை, விசாரிப்பவர்) கேட்ட முதல் கேள்வியே, இடையில் இரண்டு நாள் ஏன் போகவில்லை என்பதுதான். மருத்துவரின் குறிப்பில் விபத்தின் தேதியும், வலி எப்போது தொடங்கியது என்பதும் எழுதப்பட்டிருந்ததால் பிழைத்தோம். ஆகவே சிறு வலியானாலும் அங்கேயே சொல்லுங்கள். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். கார் விபத்தால் வந்த வலி என்று அவரிடம் சொல்லி, அது குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பிற்பாடு சரிபாருங்கள்.

யாருக்கேனும் சிறு காயமானாலும், அல்லது சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலும், 10 நாளுக்குள் டிஎம்வி என்ற வாகனத் துறை அலுவலகத்துக்கு எஸ்ஆர்-1 படிவம் அனுப்ப வேண்டும். போலீஸ் அறிக்கை இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. இதைச் செய்யாவிட்டால் ஓட்டுநர் உரிமத்தையே நிறுத்திவைக்க முடியும். நெடுஞ்சாலை விபத்து என்றால் போலீஸ் அறிக்கையின் நகலை கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறையின் சிஎச்பி 190 என்ற படிவத்தின் மூலம் கேட்டு வாங்கலாம்.

3. உங்கள் நிறுவனத்தில் மெட்பே கிளெய்மைப் பெயர் சொல்லிக் கேட்டுத் திறங்கள்

காரின் சேதத்துக்காக நீங்கள் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டிருப்பீர்கள். அதனால் மெட்பே தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தொலைபேசியில் அழைத்து, "காயத்துக்காக மெட்பே கிளெய்ம் திறக்க வேண்டும்" என்று சொல்லி, காயம்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் தனித்தனியாகக் கொடுங்கள். கிளெய்ம் எண், மெட்பேயைக் கவனிக்கும் அட்ஜஸ்டரின் பெயர், அவருடைய மின்னஞ்சல், பில் அனுப்ப வேண்டிய முகவரி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். காரைக் கவனிக்கும் அட்ஜஸ்டர் பெரும்பாலும் வேறொருவர். அவருக்கு அனுப்பிய பில் மூன்று வாரம் அப்படியே கிடந்தது எங்கள் அனுபவம். பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பிரீமியம் ஏறிவிடுமோ என்ற தயக்கத்தில் சிலர் இந்தப் பணத்தைக் கேட்பதே இல்லை. கலிஃபோர்னியாவில் விபத்துக்குப் பெரும்பங்கு காரணம் நீங்கள் இல்லையென்றால், அந்த விபத்தைக் காட்டி உங்கள் பிரீமியத்தை ஏற்ற முடியாது.

4. எந்த பில்லை யாரிடம் முதலில் கொடுப்பது

பணம் மிஞ்சுவதும் போதாமல் போவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவமனை எழுதும் முதல் விலை வேறு, உடல்நலக் காப்பீட்டு நிறுவனத்தோடு அது பேசிவைத்திருக்கும் விலை வேறு. என்னுடைய எமர்ஜென்சி பில் 6,840 டாலர். அதை நேராக மெட்பேக்கு அனுப்பியிருந்தால் 5,000 டாலரும் ஒரே பில்லில் கரைந்து, இன்னும் 1,840 டாலர் என் தலையில் விழுந்திருக்கும். அலுவலகம் கொடுத்த உடல்நலக் காப்பீட்டு அட்டையை முதலில் கொடுத்ததால் ஒப்பந்த விலை 2,310 டாலராக இறங்கியது. அதில் என் டிடக்டிபிளில் மீதமிருந்த 1,500 டாலரும், எஞ்சிய 810 டாலரில் 20 சதவீதமான 162 டாலரும், ஆக மொத்தம் 1,662 டாலர் என் பங்கு. அந்த 1,662 டாலரை மட்டும் மெட்பேயிடம் கேட்டேன். மீதியிருந்த 3,338 டாலர் பிசியோதெரபியின் கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் நிலையான தொகை) முழுவதற்கும் போதுமாக இருந்தது.

ஆகவே நல்ல உடல்நலக் காப்பீடு உள்ளவர்களுக்கு என் பரிந்துரை: மருத்துவமனையில் உடல்நலக் காப்பீட்டு அட்டையைக் கொடுங்கள், டிடக்டிபிள், கோபே, கோஇன்ஷூரன்ஸ் (பில்லில் நாம் கட்டும் சதவீதம்) என்று உங்கள் பங்காக மிஞ்சுவதை மெட்பேயிடம் கேளுங்கள். பதிவு மேசையில் "கார் விபத்து" என்றதும் ஊழியர் கார் காப்பீட்டின் விவரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் பதியச் சொல்லி வற்புறுத்துங்கள். உடல்நலக் காப்பீட்டுக்கு பில் அனுப்ப மருத்துவமனைக்கு ஒப்பந்தப்படி ஒரு கெடு உண்டு. சில இடங்களில் அது 90 நாள்தான். கார் காப்பீட்டின் பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் கெடு கடந்துபோனால் பிறகு பெரிய வாக்குவாதம்.

இந்த வரிசைக்கு மூன்று விலக்குகள் உண்டு. சில நிறுவனத் திட்டங்கள், கார் பாலிசியில் மருத்துவப் பணம் இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்கின்றன. திட்டத்தின் விளக்கக் கையேட்டில் பாருங்கள். மெடிகேர் (முதியோருக்கான அரசு உடல்நலக் காப்பீடு) உள்ள பெரியவர்களுக்கு மெட்பே எப்போதும் முதலிலும், மெடிகேர் அதன் பின்னும் வரும். மூன்றாவது, வருகையாளர் காப்பீட்டில் இருக்கும் நம் பெற்றோர். அந்தப் பாலிசிகள் பெரும்பாலும் வேறு காப்பீடு இருந்தால் அது கொடுத்த பிறகே தாங்கள் கொடுப்போம் என்பவை. அம்மாவுக்கு மொத்தம் 7,600 டாலர் பில். மெட்பே 5,000 டாலர் முழுவதையும் கொடுத்தது. மீதி 2,600 டாலரில் 250 டாலர் டிடக்டிபிள் போக 2,350 டாலரை வருகையாளர் காப்பீடு ஏற்றது. எங்கள் பாலிசியில் அதற்கான ஆவணங்களை 90 நாளுக்குள் கேட்டிருந்தார்கள். ஆகவே மெட்பேயின் முடிவு வரும்வரை காத்திராமல் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் தகவல் கொடுத்துவைப்பது நல்லது.

காப்பீடே இல்லாதவர் என்றால், மெட்பே பணம் போவதற்கு முன் மருத்துவமனையின் நிதியுதவிப் பிரிவில் விலைக்குறைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் வருமானம் கூட்டரசின் வறுமைக்கோட்டில் 400 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை மருத்துவமனைகள் சட்டப்படி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி: விபத்துக்குச் சில வாரம் கழித்து உடல்நலக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, இந்தச் சிகிச்சை விபத்தால் நேர்ந்ததா, வேறு காப்பீடு உண்டா என்று கேட்டு ஒரு படிவம் வரும். விளம்பரத் தபால்போலவே இருந்ததால் நான் அதைக் குப்பையில் போட்டேன். பதில் வராததால் அவர்கள் பில்லை நிறுத்திவைக்க, மருத்துவமனை முழுத் தொகையையும் எனக்கு அனுப்பிவிட்டது. அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது.

5. ஆவணங்கள்

"செலுத்த வேண்டிய தொகை" என்று ஒரே வரி உள்ள பில்லை அட்ஜஸ்டர் ஏற்பதில்லை. மருத்துவமனையிடம் ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக எழுதிய ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள். நோய்க்குறியீடும் சேவைக்குறியீடும் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனைகள் இதை யூபி-04 என்ற படிவத்திலும், மருத்துவர்கள் சிஎம்எஸ்-1500 என்ற படிவத்திலும் தருவார்கள். இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் பில்லிங் பிரிவு உடனே புரிந்துகொள்ளும். ஒரு முறை எமர்ஜென்சிக்குப் போனதற்கு ஒரு பில்தான் வரும் என்று எண்ண வேண்டாம். மருத்துவமனையின் இடவசதிக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, ஸ்கேனைப் படித்தவருக்கு ஒன்று என்று அம்மாவுக்கு மூன்று வந்தன. மூன்றாவது வந்து சேர இரண்டு மாதமாயிற்று. ஆம்புலன்ஸ் வந்திருந்தால் நான்காவது.

பில்லோடு சிகிச்சைக் குறிப்புகளும், உடல்நலக் காப்பீடு உங்கள் பங்கைக் கணக்கிட்டு அனுப்பும் ஈஓபி அறிக்கையும், நீங்கள் கையிலிருந்து கட்டியதற்கான ரசீதுகளும் சேர வேண்டும். மருந்துக்கடை ரசீதில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளை நேரடியாக வாங்க அனுமதி கேட்டு நிறுவனம் ஒரு படிவம் அனுப்பும். அதில் தேதி வரம்பு எழுதப்படாமல் இருந்தால், விபத்து நாளுக்குப் பிந்திய பதிவுகள் மட்டும் என்று எழுதிக் கையெழுத்திடலாமா என்று கேளுங்கள். பழைய முதுகுவலிக் குறிப்புகளைத் தோண்டுவதற்குக் கதவைத் திறந்துவைக்கத் தேவையில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனித் தொல்லை. அம்மாவின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருந்தது. மருத்துவமனையில் அவசரத்தில் இனிஷியலோடு சொன்னேன். கிளெய்மில் மூன்றாவது விதமாக எழுதப்பட்டது. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க இரண்டு வாரமும் கடவுச்சீட்டின் நகலும் தேவைப்பட்டன. பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். இங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டுப் படிவம் வந்தால் கலங்க வேண்டாம்: ஆள் மெடிகேரில் இருக்கிறாரா என்று பார்த்துத் தெரிவிப்பது நிறுவனங்களின் கடமை, அதற்காகக் கேட்கிறார்கள். வருகையாளர் என்பதால் எண் இல்லை, மெடிகேரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினோம், அதோடு முடிந்தது.

எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கிலிருந்து பில் கட்டியிருந்து, பிறகு அதே பில்லுக்கு மெட்பே பணம் வந்தால், அந்தத் தொகையைக் கணக்கில் திரும்பச் செலுத்திவிட வேண்டும். வைத்துக்கொண்டால் வருமான வரியும் அதற்கு மேல் 20 சதவீதமும் விழும்.

6. எத்தனை நாள் ஆகும்

சிகிச்சைக்கான காலவரம்பு பல பாலிசிகளில் விபத்து நாளிலிருந்து ஓராண்டு, சிலவற்றில் மூன்றாண்டு. பில் வந்த நாளைப் பார்க்க மாட்டார்கள், சிகிச்சை நடந்த நாளைத்தான் பார்ப்பார்கள்.

கலிஃபோர்னியாவின் விதிப்படி நிறுவனம் உங்கள் கிளெய்ம் கிடைத்ததை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆதாரங்கள் வந்த 40 நாளுக்குள் ஏற்கிறதா மறுக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஏற்றபின் 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த எண்களை ஒரு மின்னஞ்சலில் மரியாதையாகக் குறிப்பிட்டதும், ஐந்து வாரமாக அசையாதிருந்த எங்கள் கோப்பு நான்கு நாளில் நகர்ந்தது. அதற்கும் அசையாவிட்டால் கலிஃபோர்னியா காப்பீட்டுத் துறையில் இணையவழியே கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். இடைப்பட்ட நாள்களில் மருத்துவமனையின் பில்லிங் பிரிவை அழைத்து, கிளெய்ம் எண்ணைக் கொடுத்து, கணக்கை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கக் கேளுங்கள். மாதம் ஒருமுறை இந்த அழைப்பைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

7. எதிராளியின் காப்பீடும், திருப்பிக் கேட்கப்படும் பணமும்

எதிராளியின் நிறுவனம் பில் வர வர மருத்துவமனைக்குக் கட்டாது. எல்லாச் சிகிச்சையும் முடிந்தபின் மொத்தமாக ஒரு தொகை பேசி, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற ரிலீஸ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுக்கும். விபத்து நடந்த வாரத்திலேயே அழைத்து ஒரு சிறு தொகையைக் காட்டுவதும் உண்டு. அதில் கையெழுத்திட்டால் பிற்பாடு வரும் எம்ஆர்ஐ பில்லுக்கு அவர்களிடம் ஒரு டாலரும் பெயராது. கலிஃபோர்னியாவில் காயத்துக்கு வழக்குத் தொடுக்க இரண்டாண்டு அவகாசம் உண்டு. எதிரே மோதியது அரசு வண்டியானால் ஆறு மாதத்துக்குள் முதல் மனுவைக் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் தொகை வரும்போது, உங்களுக்குக் கொடுத்த மெட்பே பணத்தை உங்கள் நிறுவனம் திருப்பிக் கேட்கலாம். கலிஃபோர்னியாவின் பல பாலிசிகளில் இந்த உரிமை எழுதப்பட்டிருக்கும். உடல்நலத் திட்டமும் அப்படியே கேட்கும். ஆகவே எதிர்த்தரப்போடு தொகை பேசுமுன் இரு இடத்திலிருந்தும் எவ்வளவு திருப்பிக் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைத்திருந்தால், அவருடைய கட்டணத்தில் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்கும் தொகையிலிருந்து கழிக்கும்படி அவர்களிடம் சொல்லலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் தாமாகக் கழிப்பதில்லை.

8. பெற்றோர் விமானம் ஏறுமுன்

அம்மா செப்டம்பரில் ஊர் திரும்பினார். அக்டோபரில் மெட்பேயிலிருந்து 1,400 டாலருக்கு அவர் பெயரில் ஒரு காசோலை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு இங்கே வங்கிக் கணக்கு இல்லை; என் கணக்கில் அதைப் போட வங்கி ஒப்பவில்லை; 90 நாளுக்குப் பின் செல்லாது என்று காசோலையிலேயே அச்சிட்டிருந்தது. இதைத் தவிர்க்க, அவர்கள் இங்கே இருக்கும்போதே இரண்டு கடிதங்களில் கையெழுத்து வாங்கிவையுங்கள். கிளெய்ம் பற்றி என் மகனோடோ மகளோடோ பேசலாம் என்ற அனுமதிக் கடிதம் ஒன்று. கட்டப்படாத பில்களுக்கான பணத்தை நேரே மருத்துவமனைக்கும், நீங்கள் ஏற்கெனவே கட்டியவற்றுக்கான பணத்தை உங்கள் பெயருக்கும் அனுப்பும்படி சொல்லும் கடிதம் மற்றொன்று. அட்ஜஸ்டரிடம் கேட்டால் அவர்களே படிவம் தருவார்கள்.

நாங்கள் அந்தக் காசோலையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினோம். ஊரில் அம்மா கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினோம். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பணம் மருத்துவமனைக் கணக்கில் நேரே ஏறியது.